சிறு தொழிலும் கடன் அட்டையும்

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் மாலை, முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கணிதம் பயின்ற மாணவர் ஒருவர் என் இல்லத்திற்கு வந்தார். அவர் கையில் மூன்று உறைகள் இருந்தன. நலம் விசாரித்து முடிந்ததும் அவற்றை என் முன் பரப்பி வைத்து, "ஐயா, இந்த மூன்றில் எதை எடுத்துக்கொள்ளலாம்? தாங்கள்தாம் சொல்ல வேண்டும்" என்றார். ஒவ்வோர் உறையிலும் ஒரு கடன் அட்டைக்கான விண்ணப்பத் தாளும், வண்ணத்தில் அச்சிட்ட விளம்பரமும் இருந்தன.

மாணவ நண்பர்களே, இன்றைய என் பேச்சு அந்த மூன்று உறைகளைப் பற்றியது. கடன் அட்டைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் எண்ணலாம். உங்களுள் பலர் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். நீங்கள் வீட்டுப் பாடம் எழுதும் மேசையின் மறுபுறத்தில் உங்கள் தந்தையாரின் கடன் பட்டியல் கிடக்கக்கூடும். பதினெட்டு வயது நிறைந்து கையில் சம்பளம் என்று ஒன்று வந்துவிட்டால், இத்தகைய உறைகள் உங்கள் பெயருக்கே வரும்.

வந்தவரின் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் அவர் பள்ளி நோட்டுப் புத்தகங்கள் செய்கிறார். கோடு போடும் இயந்திரம் ஒன்று, தைக்கும் இயந்திரம் ஒன்று, வெட்டும் இயந்திரம் ஒன்று, வேலைக்கு நால்வர். காகிதம் சிவகாசி மொத்த வணிகரிடமிருந்து வருகிறது. மாசி, பங்குனியில் காகிதம் வாங்கி, வெயில் காலம் முழுவதும் தைத்து அடுக்கி, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் நோட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். பள்ளிகள் மாணவரிடம் கட்டணம் பெற்ற பிறகே அவருக்குப் பணம் தரும். அது ஜூலையும் ஆகும், ஆகஸ்டும் ஆகும்.

இவர் என் வகுப்பில் வட்டிக் கணக்கில் ஒருபோதும் தவறாதவர். கூட்டு வட்டிக் கணக்கைக் கரும்பலகையில் போட இவரைத்தான் அழைப்பேன். அப்படிப்பட்டவர் அந்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு கடன் அட்டையால் தம் பருவ ஆதாயத்தைப் பெரும்பாலும் இழந்திருந்தார் என்பதை அன்று மாலைதான் அறிந்தேன். நெடுநேரம் தயங்கிய பிறகே சொன்னார். கணக்கு வாத்தியாரிடம் கணக்கில் தவறினேன் என்று சொல்ல எவருக்கும் கூச்சம் இருக்குமன்றோ!

நடந்தது இதுதான். காகித விலை ஏறப்போகிறது என்ற பேச்சுக் கிளம்பியது. கையில் ரொக்கம் இல்லை. வீட்டுச் செலவுக்கென்று முன்னரே வாங்கி வைத்திருந்த கடன் அட்டை ஒன்று சட்டைப் பையில் இருந்தது. மார்ச்சு 4ஆம் தேதி அதைக் கொண்டு ரூ. 2,00,000க்குக் காகிதம் வாங்கினார். 'ஐம்பது நாள் வட்டியில்லை' என்று அந்த அட்டையின் விளம்பரம் சொல்லியிருந்தது. ஐம்பது நாளில் ஒரு வழி பிறக்கும் என்று நம்பினார்.

இந்த ஐம்பது நாள் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். பென்சில் வைத்திருப்போர் குறித்துக்கொள்ளலாம்.

கடன் அட்டைக்கு மாதத்தில் இரண்டு நாட்கள் முக்கியமானவை. ஒன்று, வங்கி அம்மாதக் கணக்கை முடித்துப் பட்டியல் எழுதும் நாள். மற்றொன்று, அப்பட்டியலிலுள்ள தொகையைச் செலுத்த வேண்டிய கெடு நாள். இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இருபது நாட்கள் இருக்கும். நம் நண்பருடைய அட்டையின் பட்டியல் நாள் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி. கெடு நாள் 25ஆம் தேதி. மார்ச்சு 6ஆம் தேதி வாங்கிய பொருள் ஏப்ரல் 5ஆம் தேதிப் பட்டியலில் ஏறும். ஏப்ரல் 25 வரை பணம் கட்ட அவகாசம் உண்டு. எண்ணிப் பாருங்கள், சரியாக 50 நாட்கள். ஆனால், மார்ச்சு 4ஆம் தேதி வாங்கிய பொருள் மறுநாளே பட்டியலில் ஏறிவிடும். மார்ச்சு 25 கெடு. இதற்கு 21 நாட்களே. விளம்பரத்தில் ஐம்பது என்ற எண்ணுக்கு முன் 'வரை' என்றொரு சிறு சொல் இருந்திருக்க வேண்டும். அதை அவர் பார்க்கவில்லை. இரண்டு நாள் பொறுத்து வாங்கியிருந்தால் 29 நாட்கள் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

அந்த 29 நாட்களும் அவரைக் காத்திருக்கமாட்டா. பள்ளிகளிலிருந்து பணம் வந்தது ஜூலை 20ஆம் தேதி. மார்ச்சு 4 முதல் அதுவரை 138 நாட்கள். 138 நாள் காத்திருக்க வேண்டிய தொழிலுக்கு, மிகுதியாக 50 நாள் பொறுக்கும் கடனை அவர் எடுத்தார். அவர் செய்த பிழை இது ஒன்றே. மற்றவை யாவும் இதன் கிளைகள்.

மார்ச்சு 25 வந்தபோது கையில் பணம் இல்லை. பட்டியலில் இரண்டு தொகைகள் அச்சிடப்பட்டிருந்தன: 'மொத்தத் தொகை ரூ. 2,00,000, குறைந்தபட்சத் தொகை ரூ. 10,000'. பத்தாயிரம் கட்டினால் போதும் போலும் என்று நிம்மதி அடைந்து, அதைக் கட்டிவிட்டார். மறு பட்டியல் வந்தது. பத்தாயிரம் கட்டிய பிறகும் கடன் ரூ. 1,98,541 என்று காட்டியது.

எப்படி என்று கேட்பீர்கள். முழுத் தொகையும் கட்டாவிட்டால் வட்டியில்லாச் சலுகை மறைந்துவிடும். பொருள் வாங்கிய நாள் முதலே வட்டி ஓடத் தொடங்கும். மாதத்திற்கு நூற்றுக்கு மூன்றரை, அதாவது ஆண்டுக்கு 42. முதல் 21 நாட்கள் இரண்டு லட்சத்திற்கும், அடுத்த 11 நாட்கள் எஞ்சிய 1,90,000க்கும் கணக்கிட்டால் வட்டி ரூ. 7,238 வருகிறது. கடன் அட்டை வட்டியின் மீது சரக்கு-சேவை வரி நூற்றுக்குப் 18 உண்டு, அது ரூ. 1,303. ஆக, கட்டிய பத்தாயிரத்தில் கடனைக் குறைத்தது ரூ. 1,459 மட்டுமே. எஞ்சியது வட்டிக்கும் வரிக்கும் போயிற்று.

நம் பேச்சு வழக்கில் இதை எப்படிச் சொல்வோம்? நூற்றுக்கு மூன்றரை வட்டி. ஊரில் எவரேனும் மூன்று வட்டிக்குக் கடன் கொடுத்தால் அவரைப் பற்றி நாம் என்ன பேசுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு கந்து வட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தடை செய்யச் சட்டமே வந்தது. வங்கி அட்டையின் வட்டி அச்சட்டத்தின்கீழ் வருவதன்று. அதை வேறு முறையில் ஆராய்ந்தார்கள். கடன் அட்டைக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பதுக்கு மேல் வட்டி வாங்குவது நேர்மையற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. ஆகவே, அந்த முப்பது என்ற வேலி இப்பொழுது இல்லை. கையொப்பமிடுபவரே காவலும் இருந்தாக வேண்டும்.

ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஜூனிலும் இதே கதை தொடர்ந்தது. கொடுமை என்னவென்றால், அதே அட்டையில் வீட்டுக்கு வாங்கிய மளிகைக்கும் மருந்துக்கும்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறிற்று. பழைய பாக்கி நிற்கும் வரை புதிய செலவுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது என்பது விதி. சனிக்கிழமைக் கூலி கொடுக்க ஒரு முறை அட்டையைக் கொண்டே ரொக்கம் எடுத்தார். ரொக்கத்திற்கு என்றைக்குமே வட்டியில்லாக் காலம் இல்லை. எடுத்த கணமே வட்டி, அதற்கு மேல் தனிக் கட்டணம். ஜூலை 20ஆம் தேதி கணக்கைத் தீர்த்தபோது, காகிதத்திற்கு மட்டும் வட்டியும் வரியுமாக ரூ. 35,000க்கு மேல் போயிருந்தது. அந்தப் பருவத்தில் அவர் எதிர்பார்த்த ஆதாயமே ரூ. 40,000. இடையில் மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. வெட்டும் இயந்திரத்தை விலை பேசவும் ஓர் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த இயந்திரம் போனால் அந்த நால்வருக்கும் வேலை இல்லை.

இதைக் கேட்டபோது எனக்கு என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. வட்டிக் கணக்கில் அசல், வீதம், காலம் என்னும் மூன்றையும் நாங்களே கொடுத்துவிடுவோம். இராமன் கோபாலனுக்கு ஆயிரம் ரூபாய் கடன் கொடுத்தான். இரண்டு ஆண்டு கழித்துக் கோபாலன் எவ்வளவு தர வேண்டும் என்று கேட்போம். இரண்டாம் ஆண்டு முடிவில் கோபாலனிடம் பணம் இருக்குமா என்று எந்தப் பாடநூலும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. என் மாணவர் வீதத்தைக் கணக்கிடத் தெரியாமல் கெட்டவரல்லர். தம் பணம் என்று திரும்பும் என்ற கேள்வியை அட்டையை நீட்டுமுன் கேட்டுக்கொள்ள அவருக்கு எவரும் பழக்கவில்லை.

கடன் அட்டையின் வரலாற்றைப் பார்த்தாலும் இந்தக் காலக் கணக்கே முன்னிற்கிறது. 1950ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரில் பிராங்கு மெக்னமாரா என்பவர் தொடங்கிய டைனர்ஸ் கிளப் அட்டையில் கடனைத் தள்ளிப்போட வழி கிடையாது. மாதப் பட்டியலை முழுமையாகத் தீர்க்க வேண்டும். 1958 செப்டம்பரில் பாங்கு ஆப் அமெரிக்கா, கலிபோர்னியாவிலுள்ள பிரெஸ்னோ நகரத்தாருக்கு ஏறத்தாழ 60,000 அட்டைகளை, அவர்கள் கேளாமலே, அஞ்சலில் அனுப்பிவைத்தது. இந்த அட்டையில் பாக்கியை வட்டியோடு மாதாமாதம் நகர்த்திக்கொண்டே போகலாம். இன்றைய விசா அட்டை இதன் வழி வந்ததே. கேளாமல் அட்டை அனுப்புவதை அமெரிக்கா 1970ஆம் ஆண்டு சட்டத்தால் தடுத்தது. நம் நாட்டிலும் ரிசர்வ் வங்கி அதை அனுமதிப்பதில்லை. இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் அட்டை, இந்த இரண்டு முன்னோர்களின் குணத்தையும் பெற்றது. முழுத்தொகையும் கட்டுபவருக்கு அது 1950ஆம் ஆண்டு அட்டை. குறைந்தபட்சத் தொகை கட்டுபவருக்கு 1958ஆம் ஆண்டு அட்டை.

வேறொரு வகை அட்டையும் நம் நாட்டில் உண்டு. 1998ஆம் ஆண்டு தொடங்கிய உழவர் கடன் அட்டையை உங்களுள் கிராமத்து மாணவர்கள் அறிவீர்கள். அதில் கடனைத் திருப்பும் காலத்தைப் பயிரின் அறுவடையையும் விற்பனையையும் பார்த்து வகுக்கிறார்கள். நெல் விதைத்தவனிடம் ஐம்பதாம் நாள் வந்து பணம் கேட்பதில்லை. நோட்டுத் தைப்பவனுக்கும் ஒரு விதைப்பும் ஓர் அறுவடையும் உண்டு. அவன் கையிலுள்ள சாதாரண அட்டைக்கு அது தெரியாது.

இனி அந்த மூன்று உறைகளுக்கு வருவோம்.

முதல் உறையைப் பிரித்தோம். கருநிறத்தில் பொன் எழுத்துப் பொறித்த அட்டையின் படம். ஆண்டுக் கட்டணம் ரூ. 4,999, வரியோடு சேர்த்தால் ஏறத்தாழ ரூ. 5,900. விமான நிலையங்களில் சொகுசு அறையில் இளைப்பாறலாம். பெரிய விடுதிகளில் தள்ளுபடி பெறலாம். "தம்பி, நீ எத்தனை முறை விமானம் ஏறியிருக்கிறாய்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, உறையைத் தாமே மூடினார்.

இரண்டாம் உறையில் ஆண்டுக் கட்டணம் இல்லை. நூறு ரூபாய்ச் செலவுக்கு ஒரு புள்ளி தருவதாகவும், புள்ளிக்கு இருபத்தைந்து காசு மதிப்பு என்றும் எழுதியிருந்தது. அவருக்கு இதில் ஆசை. இரண்டு லட்சத்திற்குக் காகிதம் வாங்கினால் இரண்டாயிரம் புள்ளிகள் கிடைக்குமே என்றார். இரண்டாயிரம் புள்ளி என்றால் ஐந்நூறு ரூபாய். "காகிதக் கடைக்காரர் கார்டு என்றால் என்ன சொல்கிறார்?" என்றேன். "நூற்றுக்கு இரண்டு கூட்டிக் கேட்கிறார், ஐயா." அட்டையை ஏற்கும் வணிகர் ஒவ்வொரு விற்பனையிலும் வங்கிக்கு ஒரு பங்கு தர வேண்டியிருப்பதால், மொத்த வணிகர் பலர் அதை வாங்குபவர் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். இரண்டு லட்சத்திற்கு நான்காயிரம். ஐந்நூறு ரூபாய்ப் பரிசுக்காக நான்காயிரம் கொடுப்பதை அவர் தம் நோட்டின் ஓரத்தில் தாமே எழுதிப் பார்த்தார், பிறகு பேசவில்லை. எரிபொருள், வாடகை, அரசுக்குச் செலுத்தும் வரி முதலியவற்றுக்குப் புள்ளி கிடையாது என்று பல அட்டைகளின் நிபந்தனைத் தாளில் பொடி எழுத்தில் இருக்கும். சிறு தொழிலாளியின் செலவில் பெரும்பகுதி இவையே அல்லவா?

மூன்றாம் உறை பார்வைக்கு எளியது. ஐம்பதாயிரம் ரூபாயை வங்கியில் வைப்புத் தொகையாகப் போட்டால், அதன் ஈட்டின்மேல் நாற்பதாயிரம் வரை செலவு செய்யத்தக்க ஒரு ரூபே அட்டை. 2022ஆம் ஆண்டு முதல் ரூபே கடன் அட்டையை யு.பி.ஐ. முறையோடு இணைத்து, கடைகளில் ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட குறியீட்டைக் கைப்பேசியால் படம் பிடித்தே பணம் செலுத்தலாம். நூல் கடை, பசைக் கடை, பொருள் ஏற்றும் வண்டி நிறுவனம் என்று அவர் நாள்தோறும் செலவு செய்யும் இடங்களில் அட்டை தேய்க்கும் கருவி கிடையாது. இந்தக் குறியீடு பெரும்பாலும் உண்டு. தனி மனிதர் ஒருவருக்கு இம்முறையில் அட்டையிலிருந்து பணம் அனுப்ப இயலாது. பதிவு பெற்ற வணிகருக்கு மட்டுமே. அதுவும் நல்லதுதான், உறவினருக்குக் கைமாற்றுக் கொடுக்கும் வழி அடைபடுகிறது.

"வட்டி வீதம் மூன்றிலும் வேறு வேறாக இருக்கிறதே ஐயா, அதைப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. மாதந்தோறும் முழுத்தொகையும் கட்டுபவருக்கு வீதம் மூன்றா மூன்றே முக்காலா என்பது ஒரு பொருட்டன்று; ஒரு காசும் வட்டி கட்டப்போவதில்லை. கட்டத் தவறுபவருக்கோ மூன்றும் கேடுதான். ஆகவே, அட்டைகளை ஒப்பிடும்போது வீதத்தை நான் முதலில் பார்ப்பதில்லை. ஆண்டுக் கட்டணம் என்ன, பட்டியல் நாள் எது, நாம் செலவிடும் கடைகளில் அது செல்லுமா, தாமதமானால் என்ன தண்டம் என்பவற்றையே பார்க்கிறேன். இவை யாவும் 'மிக முக்கியமான நிபந்தனைகள்' என்ற தாளில் இருக்கும். விளம்பரத் தாளை வீட்டிலுள்ள குழந்தைகளிடம் விளையாடக் கொடுத்துவிட்டு இந்தத் தாளை நாம் படிக்கலாம்.

பட்டியல் நாளைப் பற்றி மேலும் ஒன்று. ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின்படி, அட்டைதாரர் தம் பட்டியல் நாளைக் குறைந்தது ஒரு முறையேனும் தமக்கு ஏற்றவாறு மாற்றிக்கொள்ளலாம். பலர் இதை அறியார். மேலும், வேண்டாத அட்டையை மூடிவிடும்படி கேட்டால், பாக்கி ஏதும் இல்லையெனில், ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி அதை மூட வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 500 வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்றும் 2022ஆம் ஆண்டு விதித்தார்கள். நம் நண்பர் தம் பழைய அட்டையை இவ்விதியைக் காட்டியே மூடினார். கெடு நாள் கடந்து மூன்று நாட்களுக்கு மேல் ஆனால்தான் தவறியவர் என்று கடன் தகவல் நிறுவனங்களுக்கு அறிவிக்கலாம் என்பதும் ஒரு விதி. அந்நிறுவனங்கள் ஒவ்வொருவருக்கும் 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகின்றன. நான் என் வாழ்நாளில் இட்ட மதிப்பெண்களை மாணவர்கள் ஓராண்டில் மறந்துவிடுவார்கள். இந்த மதிப்பெண் அப்படி மறக்கப்படுவதன்று. ஆண்டுக்கு ஒரு முறை இந்த அறிக்கையை ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் கட்டணமின்றிப் பெறலாம். இவர் எவ்வளவு இடர்ப்பட்டபோதும் குறைந்தபட்சத் தொகையைக் கெடுவுக்குள் கட்டிவந்ததால் இவருடைய மதிப்பெண் அடியோடு வீழ்ந்துவிடவில்லை. குறைந்தபட்சத் தொகை செய்யும் நன்மை அது ஒன்றுதான்.

மூன்றாம் உறையையே எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. "நாற்பதாயிரத்தில் காகிதம் எப்படி ஐயா வாங்குவேன்?" என்றார். "காகிதத்தை அட்டையில் வாங்காதே. நூலும் பசையும் மின் கட்டணமும் மட்டும் இதில். அவற்றின் பணம் மாதத்திற்கு மாதம் உன் சில்லறை விற்பனையிலேயே வந்துவிடும். காகிதத்திற்கு நாம் வேறு கதவைத் தட்டுவோம்" என்றேன்.

அந்தக் கதவு, அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கியிலேயே இருந்தது. கேஷ் கிரெடிட் என்று வணிகர் சொல்லும் ரொக்கக் கடன் கணக்கு. ஒரு வரம்பு வரை வேண்டும்போது எடுத்து, பணம் வரும்போது போட்டு, எடுத்த தொகைக்கு எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி கட்டும் முறை. ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு லட்சத்திற்கு 138 நாட்களுக்கு வட்டி ரூ. 9,074. அந்த வட்டியின் மீது சரக்கு-சேவை வரியும் இல்லை. முப்பத்தைந்தாயிரம் எங்கே, ஒன்பதாயிரம் எங்கே! 2015ஆம் ஆண்டு தொடங்கிய முத்ரா திட்டத்தில் இத்தகைய சிறு தொழில்களுக்கு ஈடு கேளாமல் கடன் தருகிறார்கள். உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரம்புள்ள தனிக் கடன் அட்டைகள் வழங்கப்படும் என்று 2025 பிப்ரவரி வரவு-செலவுத் திட்டத்தில் அறிவிப்பும் வந்தது. எந்த அட்டை வந்தாலும் என் மாணவர் முதலில் கேட்க வேண்டியது, 'இது எத்தனை நாள் பொறுக்கும்?' என்பதே.

ரொக்கக் கடன் கேட்ட அன்றே கிடைப்பதன்று. வரிக் கணக்குகள், உத்யம் பதிவு, இரண்டு ஆண்டு வரவு-செலவு என்று கேட்பார்கள். காகித விலை ஏறுகிறது என்று கேள்விப்பட்ட பிறகு விண்ணப்பித்தால் பயனில்லை. அட்டை அந்த அவசரத்தில்தான் நம்மை வெல்கிறது. இவர் கார்த்திகையில் வந்தது நல்லதாயிற்று. வரவு-செலவைப் பத்து ஆண்டுகளாக அவர் மனைவியார் அழகாகப் பேரேட்டில் எழுதி வைத்திருந்தார். வங்கி அலுவலர் அதைப் புரட்டிப் பார்த்த பிறகு கேள்விகள் குறைந்தன என்று கேள்வி. மாசி மாதத்தில் கடன் அனுமதியாயிற்று.

இனி, என்னைப் பற்றிய ஒன்றையும் மறையாமல் சொல்ல வேண்டும். பேச்சின் இடையே அவர், "எல்லாப் பள்ளியும் அப்படித்தான் ஐயா, ஆடி பிறக்காமல் பணம் வராது" என்று இயல்பாகச் சொன்னார். நான் தலைமையாசிரியராக இருந்த ஆண்டுகளில், நோட்டுப் புத்தகக்காரரின் பட்டியல்கள் என் மேசையில் கிடந்து தூசி படிந்ததுண்டு. கட்டணம் வசூலாகட்டும் என்று புரட்டிப் போடுவேன். அந்தத் தாமதத்திற்கு யார், எங்கே, என்ன வட்டி கட்டுகிறார் என்று நான் ஒரு நாளும் எண்ணியதில்லை. குறு, சிறு தொழில் செய்வோரிடம் பொருள் வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தக்கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மீறினால் வாங்கியவர் கூட்டு வட்டியோடு தர வேண்டும். கூட்டு வட்டியைப் பிறருக்குக் கற்பித்த நான் இச்சட்டத்தைப் படித்தது ஓய்வு பெற்ற பிறகுதான். இப்பொழுது அவர் தம் பட்டியல்களில் '45 நாட்களுக்குள்' என்று அச்சிட்டுவிட்டார். அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நானே.

அவருடைய பட்டறைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. கல்லூரியில் வணிகவியல் படிக்கும் அவர் மகள், ஒவ்வொரு மாதமும் புதிய அட்டையின் பட்டியல் நாளைப் பச்சை மையாலும் கெடு நாளைச் சிவப்பு மையாலும் வட்டமிட்டு வைக்கிறாள். வளையல்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டன. வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பருவத்தில் நோட்டு வாங்கிய மூன்று பள்ளிகளுள் இரண்டு, 45 நாட்களுக்குள் பணம் அனுப்பிவிட்டன. மூன்றாவது பள்ளியிலிருந்து இன்னும் வரவில்லை. வரும் திங்கட்கிழமை அங்கு நானே அவருடன் போகிறேன். அங்கே தலைமையாசிரியராக இருப்பவரும் என்னிடம் கணிதம் படித்தவர்தாம்.